தத்தெடுத்த பிள்ளையை விமானத்தில் ஊருக்குக் கூட்டி வருவது: எங்கள் அனுபவம்

தத்தெடுப்பைக் கவனிக்கும் மத்திய அரசு அமைப்பான காராவில் பதிவு செய்வது எப்படி, நம் வீட்டையும் நம்மையும் பார்த்து விசாரிக்கும் ஹோம் ஸ்டடிக்கு வருகிறவர்கள் என்ன கேட்பார்கள், எவ்வளவு காலம் காத்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் சொல்ல ஆள் இருக்கிறது. இந்தப் பிள்ளை உங்களுக்கு என்று சொல்லும் ரெஃபரல் வந்து, பிள்ளையைப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, அப்புறம் அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்படி ஊர் வந்து சேருவது என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதைத்தான் எழுதுகிறேன். எங்கள் வீடு பாளையங்கோட்டையில். மகள் கிடைத்தது ஒடிசாவில் ஒரு சின்ன ஊரில். இரண்டு வயது நிறைந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. புவனேஸ்வரத்தில் விமானம் ஏறி, சென்னையில் மாறி, தூத்துக்குடி வாகைக்குளத்தில் இறங்கி வீட்டுக்கு வந்தோம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வரும். வருடக்கணக்கில் காத்திருந்த நமக்கு அது பெரிய நல்ல நாள். பிள்ளைக்கோ அன்றைக்கு எல்லாமே போகிறது. தூங்க வைத்த ஆயா, கூடவே உருண்டு புரண்ட பிள்ளைகள், காதில் விழுந்த பேச்சு, சோற்றின் ருசி, படுத்த படுக்கையின் வாடை எல்லாம் ஒரே நாளில். தூக்கிக்கொண்டு போகிற இரண்டு பேர் யார் என்றே அதற்குத் தெரியாது. அதனால் எந்த விமானம், எத்தனை மணிக்கு, யார் கூட வருவது, என்ன உடுப்பு என்று எதை முடிவு செய்தாலும் பிள்ளையின் பக்கம் நின்று முடிவு செய்யுங்கள். நம் வசதி, சொந்தக்காரர்களின் ஆசை, நல்ல நேரம் எல்லாம் அதற்குப் பிறகு.

நல்ல நேரம் பார்க்க வாய்ப்பும் கிடையாது. ரெஃபரல் வந்தால் 48 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். அப்புறம் நேரில் போய்ப் பிள்ளையைப் பார்த்து, மருத்துவ அறிக்கையைப் படித்து, ஏற்றுக்கொள்கிறோம் என்று கையெழுத்திட்டால் 10 நாளுக்குள் உறுதிமொழி எழுதிக் கொடுத்துக் கூட்டிப் போக வேண்டும். எங்களுக்கு அது ஆடி மாதத்தில் வந்து விழுந்தது. ஆடியில் எப்படி என்று மதினி இழுத்தார்கள். அத்தை ஒரே பேச்சில் முடித்துவிட்டார்கள். "பிள்ளை வாறதுக்கு ஆடி என்ன, ஆவணி என்ன? போய்க் கூட்டிட்டு வா தாயி."

போகிற டிக்கெட்டை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு கிளம்புங்கள். திரும்பும் தேதி நம் கையில் இல்லை, ஒரு அதிகாரி விடுப்பில் போனாலே தள்ளிப் போகும். கடைசி நேரத்தில் எடுத்தால் காசு கூடத்தான் ஆகும், அதற்கென்று ஒரு தொகையைத் தனியாக ஒதுக்கிவிட்டால் அன்றைக்கு மனசு அலையாது. ரயிலையும் யோசித்தோம். ஒன்றரை நாளுக்குக் குறையாமல் ஆகும், ராத்திரி முழுக்க ஆள் ஏறுவதும் இறங்குவதும், புது முகமாக வந்துகொண்டே இருக்கும். ஏற்கெனவே மிரண்டிருக்கும் பிள்ளைக்குக் குறைந்த நேரத்தில் முடிகிற பயணம்தான் நல்லது என்று விமானத்தை எடுத்தோம், இன்றைக்கும் அதுதான் சரி என்பேன். ஆனால் இரண்டு விமானத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பாகும், பெட்டியும் நேராக ஊருக்கே வந்துவிடும், சென்னையில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பெட்டிக்குக் காத்து நிற்க வேண்டியதில்லை. விடிகாலை விமானம் மலிவாகக் கிடைக்கும், வேண்டாம். தூக்கத்தில் எழுப்பி இருட்டில் தூக்கிக்கொண்டு போவதைவிட, பிள்ளை விழித்து, பழகிய நேரத்தில் சாப்பிட்டு, வெளிச்சத்தில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே கிளம்புவது மேல்.

டிக்கெட்டில் என்ன பெயர் போடுவது என்ற குழப்பம் எல்லோருக்கும் வரும். நாம் ஆசையாக ஒரு பெயர் யோசித்து வைத்திருப்போம். ஆனால் அந்தச் சமயத்தில் காகிதங்களில் இருப்பது பிள்ளையை அதுவரை வளர்த்த தத்தெடுப்பு நிறுவனத்தில் வைத்த பெயர், டிக்கெட்டிலும் அதுதான் இருக்க வேண்டும். வயதும் அப்படியே. பிறந்த தேதி யாருக்கும் தெரியாத பிள்ளைகளுக்கு மருத்துவர் பார்த்துக் கணித்த தேதியைத்தான் எழுதியிருப்பார்கள். விமான நிறுவனத்துக்கு அந்தத் தேதிதான் கணக்கு. இரண்டு வயதுக்குள் என்றால் மடியில் வைத்துக்கொள்ளலாம், வயதுச் சான்று கேட்பார்கள். இரண்டு முடிந்துவிட்டால் தனி இருக்கை, தனி பெல்ட்.

பிறப்புச் சான்றிதழ் இந்தக் கட்டத்தில் கையில் இருக்காது. தத்தெடுப்பு உத்தரவு வந்த பிறகுதான் நம் பெயர் போட்ட சான்றிதழ் வரும். 2021 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அந்த உத்தரவை நீதிமன்றத்துக்குப் பதிலாக மாவட்ட ஆட்சியர் கொடுக்கிறார், பிள்ளை இருந்த மாவட்டத்து ஆட்சியர். அதுவரை பிள்ளை நம்மிடம் இருப்பது வளர்ப்புப் பராமரிப்பு என்ற கணக்கில்தான். எனவே கையில் இருக்க வேண்டியவை: நிறுவனத்தின் முத்திரையுடன் அந்த உறுதிமொழி, பிள்ளையைத் தத்துக் கொடுக்கத் தடையில்லை என்று குழந்தைகள் நலக் குழு கொடுத்த சான்று, குழந்தை பற்றிய அறிக்கை, மருத்துவ அறிக்கை, தடுப்பூசி அட்டை, காராவில் வந்த ரெஃபரல் தாள், நம் இருவர் ஆதார். அசலை ஒரு உறையிலும் நகலை இன்னொரு உறையிலும் வைத்து, இரண்டையும் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட்டுவிடாதீர்கள். "இந்தப் பிள்ளையை இந்தத் தேதியில் இன்னார் இன்ன ஊருக்குக் கூட்டிப் போகிறார்கள்" என்று நிறுவனத்தின் தாளில், பிள்ளை படத்தோடு, தொடர்பு எண்ணோடு ஒரு கடிதம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்குக் கவுண்டரில் ஒருவர் பிறப்புச் சான்றிதழ் கேட்டு நிறுத்தினார். உறுதிமொழியை அவருக்குப் படித்துப் புரிந்துகொள்ளப் பொறுமை இல்லை, இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார்.

இந்தக் காகிதங்களை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளை அழும், அதுவும் நமக்குத் தெரியாத மொழியில் யாரையோ கூப்பிட்டு அழும். சுற்றியிருக்கிறவர்கள் கண்ணுக்கு நாம் எப்படித் தெரிவோம் என்று யோசித்துப் பாருங்கள். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோவிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்கே, வாட்ஸ்அப் வதந்தியை நம்பியிருந்த கூட்டம் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று அடித்து, ஒரு மூதாட்டி செத்தே போனார். விமான நிலையத்தில் அந்த அளவுக்குப் போகாது, காவலுக்கு ஆள் இருக்கிறது. ஆனால் யாராவது கேட்டால் கோபப்படாமல் காகிதத்தை எடுத்துக் காட்டுங்கள். ஒரு பிள்ளைக்காக ஒருவர் கேள்வி கேட்பது நல்ல விஷயம்தான். சும்மா வாய்க்கு வந்தபடி "யாரு சாடை, அம்மாவா அப்பாவா?" என்று கேட்கிறவர்களிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம். பிள்ளையின் கதையைப் பக்கத்து இருக்கைக்காரரிடம் சொல்ல வேண்டியதில்லை. அது அவளுடைய கதை, வளர்ந்த பிறகு யாரிடம் சொல்வது என்று அவள் முடிவு செய்துகொள்வாள்.

அப்புறம், கிளம்புவதற்கு முந்தைய நாட்கள். விமானத்தில் நடப்பதில் பாதி இங்கேதான் முடிவாகிறது. நிறுவனம் இடம் கொடுத்தால் முதல் நாளே தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள், அதே ஊரில் சில நாள் அறை எடுத்துத் தங்கி, தினமும் போய்க் கூட இருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். எத்தனை மணிக்கு எழுகிறாள், எதைக் கையில் பிடித்துக்கொண்டு தூங்குகிறாள், எந்தப் பக்கம் சாய்த்துத் தூக்கினால் அடங்குகிறாள் என்று ஆயாக்களிடம் கேட்டு எழுதிக்கொண்டேன். தண்ணீர், சோறு, வலி, தூக்கம், போதும் என்பதற்கு அவள் என்ன சொல்வாள் என்றும் எழுதிக்கொண்டேன். பிள்ளைகள் மாவுசி என்று கூப்பிடும் ஆயாக்களில் ஒருவர் இவளைத் தூங்க வைக்கப் பாடுவதை அவரிடம் கேட்டுப் போனில் பதிவு செய்துகொண்டோம். பழைய உடுப்பையும் போர்த்தும் துணியையும் துவைக்காமல் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். புதுப் பட்டுப்பாவாடை எடுத்துக்கொண்டு போயிருந்தோம், அதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டுப் பழைய கவுனோடுதான் கூட்டி வந்தோம். அந்த வாடைதான் அன்றைக்கு அவளிடம் மிச்சமிருந்த வீடு.

டயாப்பர் விஷயத்தை யாரும் நினைக்க மாட்டார்கள். பல இடங்களில் பிள்ளைகளுக்குத் துணிதான், டயாப்பர் கட்டியே பழக்கம் இருக்காது. பயண நாளில் முதல் முதலாகக் கட்டினால் நாள் முழுக்கப் பிய்த்துப் போடத்தான் பார்க்கும். முன்னாலேயே கட்டிப் பழக்குங்கள். வண்டியும் அப்படித்தான். எங்கள் மகள் அதிகம் வண்டியில் போனதே இல்லை. ஆட்டோவில் ஒரு சுற்று, காரில் ஒரு சுற்று என்று பக்கத்திலேயே கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டோம். காரில் வாந்தி எடுப்பாள் என்பது அப்போதே தெரிந்தது, மருத்துவரிடம் கேட்டு மருந்தும் வாங்கிவைத்துக்கொள்ள முடிந்தது. அதே மருத்துவரிடம் சளியும் காட்டினோம். கூட்டமாக வளரும் பிள்ளைகளுக்கு மூக்கு ஒழுகிக்கொண்டேதான் இருக்கும், மூக்கடைப்போடு ஏறினால் காது வலிக்கும். தூங்க வைக்க ஏதாவது மருந்து கொடுக்கலாமே என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த மாதிரி மருந்து சில பிள்ளைகளைத் தூங்க வைப்பதற்குப் பதிலாக இன்னும் துள்ள வைக்கும், மூச்சையும் பாதிக்கலாம்.

பாதுகாப்புச் சோதனையில் பெரிய சிரமம் ஒன்றுமில்லை. பிள்ளைக்கான பால், தண்ணீர், கஞ்சியைத் தனியே எடுத்துக் காட்டினால் விடுவார்கள். இடுப்பில் தூக்கியபடியே போகலாம், பிள்ளையை யாரிடமும் கொடுக்க வேண்டியதில்லை. விமானத்துக்குள் கழிப்பறை இடுக்கு, தண்ணீர் இழுக்கும் சத்தம் பெரியவர்களையே திடுக்கிட வைக்கும். ஏறுவதற்கு முன் விமான நிலையத்துக் குழந்தைகள் அறையிலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொள்ளுங்கள்.

காது பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நடுக்காதிலிருந்து தொண்டைக்கு ஒரு சின்னக் குழாய் போகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அது குட்டையாகவும் படுக்கை வாட்டமாகவும் இருப்பதால், வெளியே காற்றழுத்தம் மாறும்போது சட்டென்று திறந்து சமப்படுத்திக்கொள்ளாது. விழுங்கும்போது திறக்கும். அதனால்தான் பால் கொடு, சப்பக் கொடு என்கிறார்கள். ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் வலி அதிகம், தரை தொடுவதற்கு 20, 30 நிமிடம் முன்னாலேயே இறங்கத் தொடங்கிவிடும். பாவம் தூங்குகிறாளே என்று விட்டுவிடாமல் அப்போது எழுப்பி ஏதாவது விழுங்க வைக்க வேண்டும். ஒடிசாவில் பொரி அன்றாடச் சாப்பாடு, இவளுக்கும் உயிர். நேராக உட்கார வைத்து ஒவ்வொன்றாகப் பொரியும் நடுநடுவே ஒரு மடக்குத் தண்ணீரும் கொடுத்துக்கொண்டே வந்தோம். வாய்க்கும் வேலை, விரலுக்கும் வேலை, காதைப் பற்றிய பேச்சே வரவில்லை. பழகாத பிஸ்கட், சாக்லேட் எதையும் அன்றைக்குத் தொடாதீர்கள், எதைத் தினமும் சாப்பிட்டாளோ அதையே கொடுங்கள்.

முதல் விமானத்தில் அவள் அழவே இல்லை. பெல்ட் போட்டபோது உடம்பு விறைத்தது, அவ்வளவுதான். நடு இருக்கையில், துணியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, எதிர் இருக்கையின் முதுகையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "என்ன சமத்து, சத்தமே இல்லை" என்று பக்கத்து வரிசையில் ஒரு அம்மா பாராட்டினார்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது. இப்படிச் சத்தமில்லாமல் உறைந்து கிடக்கும் பிள்ளையைச் சமத்து என்று நினைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். அழுகிற பிள்ளை நம்மிடம் எதையோ கேட்கிறது, உறைந்த பிள்ளை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இருக்கிறது. அப்போது விளையாட்டுக் காட்டிச் சிரிக்க வைக்கப் பாடுபட வேண்டாம். பக்கத்தில் இருங்கள், மெல்ல முதுகைத் தடவுங்கள், ஒரே மாதிரி சின்னக் குரலில் பேசிக்கொண்டிருங்கள். ஆயா பாட்டை நாங்கள் விமானத்தில் போடவில்லை. அந்தக் குரலைக் கேட்டு ஆள் எங்கே என்று தேடினால் என்ன செய்வது என்ற பயம். அதை ராத்திரிக்கு வைத்துக்கொண்டோம், அதுவும் என் வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டுப் பாடம் செய்து அவரே பாடினார்.

சென்னையில் இறங்கியதும் உடைந்துவிட்டாள். அடுத்த விமானம் வரும்வரை ஓயாத அழுகை. என்னிடம் வரவே மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவில்லை. இத்தனை வருடம் காத்திருந்து, மடி காலியாக உட்கார்ந்திருப்பது எனக்குச் சுலபமாக இல்லை. ஆனால் அன்றைக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளைப் பிடித்துக்கொள்ளத் துணிந்திருக்கிறாள், அதையும் பறிக்கலாமா? உங்கள் வீட்டிலும் பிள்ளை ஒருவரைத்தான் பிடித்துக்கொள்ளும். "அம்மாகிட்ட போ" என்று தள்ளாதீர்கள். பிடித்தவர் தூக்கட்டும், மற்றவர் பை, காகிதம், தண்ணீர், டயாப்பர் எல்லாம் பார்க்கட்டும். நான் டம்ளரில் தண்ணீர் ஊற்றி அவரிடம் கொடுப்பேன், அவர் புகட்டுவார். அந்த டம்ளரை எங்கேயிருந்து வருகிறது என்று பார்க்கத் தொடங்கினாள், அதுவே எனக்குப் போதுமாக இருந்தது. மாறுகிற இடத்தில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கிற மாதிரி டிக்கெட் எடுத்தது எவ்வளவு நல்லது என்று அன்றைக்குத் தெரிந்தது. கூட்டமில்லாத ஒரு மூலையைப் பிடித்து, பழைய துணியைத் தரையில் விரித்து, அழுது முடிக்கும்வரை அழ விட்டோம்.

தூத்துக்குடிக்கு வருவது பெரும்பாலும் ஏடிஆர் என்கிற சின்ன விசிறி விமானம். படிக்கட்டு ஏறிப் பின்வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். ஒரு பக்கத்துக்கு இரண்டு இருக்கைதான், அதனால் மூன்று பேர் சேர்ந்து உட்கார முடியாது. பிள்ளை பிடித்துக்கொண்டவர் அவளோடும் மற்றவர் நடைபாதைக்கு அந்தப் பக்கமும் உட்கார இருக்கையை முன்கூட்டியே தேர்ந்தெடுங்கள். விசிறிக்கு நேர் பக்கத்தில் இரைச்சல் அதிகம், பின்வரிசைகள் பரவாயில்லை. மேலே பை வைக்கும் இடமும் சின்னது, கைக்கு வேண்டியதை ஒரே சின்னப் பையில் காலடியில் வையுங்கள். ஆனி, ஆடியில் நம் பக்கம் அடிக்கிற காற்று தெரியும்தானே, மலைக் கணவாய் வழியாகப் பாய்ந்து வந்து முப்பந்தல் காற்றாலைகளை எல்லாம் சுற்றுகிற அதே காற்று. இறங்கும்போது விமானம் நன்றாகக் குலுங்கியது. அவர் அவள் காதுப் பக்கம் வாயை வைத்து அந்தப் பாட்டை முனகிக்கொண்டே வந்தார். ஜன்னலுக்கு வெளியே கடலும் உப்பளங்களும் வெள்ளை வெள்ளையாகத் தெரிந்தன, ஒரு விரலை நீட்டி அதைக் காட்டினாள். காலையிலிருந்து அவளாக எங்களுக்குக் காட்டிய முதல் பொருள் அது.

விமான நிலையத்துக்கு மாலையோடு வருகிறோம் என்றார்கள் வீட்டில். யாரும் வர வேண்டாம் என்று கறாராகச் சொல்லியிருந்தோம். கொழுந்தன் மட்டும் காரோடு வந்தான், அவனிடமும் தூக்க வேண்டாம், கிட்டே குனிந்து கொஞ்ச வேண்டாம் என்று முன்னாலேயே பேசியாகிவிட்டது. காரில் பிள்ளைக்கான இருக்கை மாட்டியிருந்தோம். 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்திலேயே இது சொல்லப்பட்டிருக்கிறது, நம் ஊரில் யாரும் கண்டுகொள்வதில்லை. மடியில்தான் இருப்பேன் என்று பிள்ளை அழுதாலும், அந்த நாலுவழிச் சாலையில் வண்டிகள் போகிற வேகத்துக்கு மடி போதாது. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள்.

வாசலில் குலவை போடுவது நம் பழக்கம். அத்தையிடம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டோம். திடீரென்று அந்தச் சத்தம் கேட்டால், நாள் முழுக்க இரைச்சலில் வந்த பிள்ளை என்ன ஆகும்! அத்தைக்கு உள்ளூர வருத்தம்தான், இருந்தாலும் ஆரத்தியை மட்டும் சத்தமில்லாமல் சுற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்கள். சோறும் பருப்பும் குழைய வடித்து, காரம் இல்லாமல், நாங்கள் போனில் சொன்னபடி வைத்திருந்தார்கள். ஆச்சி என்று மகளே தேடிப் போகும்வரை அவர்கள் வலியப் போய்த் தூக்கவில்லை. அதற்குச் சில வாரம் பிடித்தது, அந்தப் பொறுமைக்கு நான் அத்தைக்குக் கடன்பட்டிருக்கிறேன். சொந்தக்காரர்கள் வருவதையும் அதுவரை தள்ளிப் போட்டோம், அல்வா பொட்டலத்தோடு வாசல் வரை வந்தவர்களைக்கூட. மனத்தாங்கல் வந்தது. வந்தால் வரட்டும், பெரியவர்களைப் பிறகு சமாதானப்படுத்திக்கொள்ளலாம். அந்த நாட்களில் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது மூன்றையும் நாங்கள் இருவர் மட்டுமே செய்தோம்.

பயணம் வீட்டுக்கு வந்ததோடு முடிவதில்லை. பல வாரம், யார் பெட்டியை எடுத்தாலும் அழுதாள். செருப்பு மாட்டினால் கதவைப் பிடித்துக்கொள்வாள். மறுபடியும் தன்னை எங்கேயோ கொண்டுபோய் விடப்போகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். பெட்டிகளைப் பரண்மேல் கண்ணில் படாமல் போட்டோம். தெருமுனைக் கடைக்குப் போனாலும் போகும்போது "வீட்டுக்குத் திரும்ப வருவோம்" என்றும், வந்ததும் "வீட்டுக்கு வந்துட்டோம்" என்றும் ஒவ்வொரு முறையும் சொன்னோம். வந்த பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று பார்க்கச் சமூகப் பணியாளர்கள் வருவார்கள், அவர்களிடம் இந்த மாதிரி பயங்களையும் சொல்லுங்கள், எடை உயரத்தோடு நிறுத்திவிடாதீர்கள்.

தத்தெடுப்பு உத்தரவுக்காக மறுபடி ஒடிசா போக வேண்டி வந்தது. அதே விமானம், அதே வழி. கிளம்பும் முன் அவள் தலையணையைக் கட்டிலில் வைத்து, திரும்பி வந்து இதில்தான் படுப்போம் என்று சொல்லிவிட்டுத்தான் பெட்டியை இறக்கினோம். போகும்போது நன்றாக அழுதாள், வரும்போது என் மடியில் தூங்கினாள். ஆயாவைப் போய்ப் பார்க்கலாமா என்று குழந்தை மருத்துவரிடமும் நிறுவனத்திலும் கேட்டோம், இப்போது வேண்டாம், இன்னும் கொஞ்சம் வேர் பிடிக்கட்டும் என்றார்கள். பார்க்கவில்லை. அவருக்கு மகளின் படம் ஒன்றை நிறுவனம் வழியாகக் கொடுத்துவிட்டு வந்தோம்.